குறைந்த கரண்டுக்கு அதிகக் காயம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் அழைத்தபோது, "இருபது நிமிஷம் பேசுங்க சார், குடும்பத்தோட வர்றாங்க, கணக்கு மட்டும் வேண்டாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமே ஒரு கணக்குதான். போர்டில் எதுவும் எழுதப் போவதில்லை. ஐந்தாறு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கதை போலவே சொல்லிவிடுகிறேன்.

மின்சாரத்தில் ஆர்க் என்று ஒன்று உண்டு. தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்று பழகியவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மழை நாளில் மாலை நேரத்து யூனிட் வண்டி கிளம்பும்போது கூரை மேலே பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று வெட்டுமே, அதுதான். பேன்டோகிராஃப் கம்பியை விட்டு ஒரு நூல் விலகினாலும் நடுவில் இருக்கும் காற்றே சூடாகிக் கம்பியின் வேலையைச் செய்கிறது. நம் பீச்–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அப்போது 1,500 வோல்ட் டி.சி. பிறகு 1960-களில் 25,000 வோல்ட் ஏ.சி. ஆக மாற்றினார்கள். நாம் தொங்கிக்கொண்டு வந்த அந்த மீட்டர் கேஜ் வண்டி 2004 வரை ஓடியது.

அந்தப் பழைய டி.சி. காலத்தில், இங்கே மட்டுமல்ல, டி.சி. ரயில் ஓடிய எல்லா ஊர்களிலும் என்ஜினீயர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. சப்ஸ்டேஷனுக்குத் தூரத்தில் மேல் கம்பி அறுந்து தண்டவாளத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு நீளக் கம்பியின் மின்தடை, விழுந்த இடத்து ஆர்க்கின் மின்தடை எல்லாம் சேர்ந்து கரண்டைக் குறைத்துவிடும். இரண்டு மூன்று வண்டிகள் ஒரே நேரத்தில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை விட, விபத்தின் கரண்ட் குறைவாக இருக்கக்கூடும். சப்ஸ்டேஷனில் இருக்கும் பிரேக்கருக்கு இரண்டும் ஒன்றுதான். "ஆபீஸ் விடுற நேரம், கூட்டம் ஜாஸ்தி போல" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடும். கரண்டின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று ரிலேக்களைப் பிற்பாடு வடிவமைத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப் போகும் தொழிற்சாலைக் கதையிலும் இதே குழப்பம்தான்.

2012-ல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு கடுமையாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். மின்வாரியக் கரண்ட் போனால் சொந்த ஜெனரேட்டர். அன்றைக்கும் ஜெனரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேனலின் பின்பக்கம் ஒரு ஜாயின்ட் சூடாகிறது, வாடை வருகிறது என்று எலக்ட்ரீஷியன் போய்ப் பின் கதவைக் கழற்றியிருக்கிறார். நிறுத்திவிட்டுப் பார்க்கத்தான் கேட்டார், உற்பத்தி நின்றுவிடும் என்று மேலே ஒத்துக்கொள்ளவில்லை. கதவு கழன்ற அதிர்ச்சியில் உள்ளே ஒண்டியிருந்த பல்லி பஸ்பார்களுக்கு நடுவே விழுந்தது. நம் பக்கத்துப் பேனல்களில் பல்லியும் எலியும் செய்யும் சேதத்தைத் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். பல்லி ஒரு நொடியில் சாம்பல். ஆனால் அது பற்ற வைத்த ஆர்க் அணையவில்லை. யாரோ ஓடிப்போய் என்ஜினை நிறுத்தும் வரை எரிந்தது. சில நொடிகள்தான். அதற்குள் இரண்டு கைகளும் முகமும் போய்விட்டன. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காயப் பிரிவில் வாரக்கணக்கில் கிடந்தார்.

விசாரணைக்கு என்னை ஆலோசகராகக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன்பே அறிக்கையின் வரைவு தயாராக இருந்தது. "ஊழியரின் கவனக்குறைவு" என்று கடைசி வரி. முதலாளிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "சார், இவ்வளவு நேரம் எரிஞ்சிருக்கு, பிரேக்கர் டிரிப் ஆகலையே. பிரேக்கர் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?" பிரேக்கரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினோம். எந்தக் குறையும் இல்லை. சொன்ன கரண்டில் சொன்ன நேரத்தில் டிரிப் ஆனது. அப்படியானால் என்ன நடந்தது? அதற்குத்தான் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

கணக்குக்கு முன் ஆர்க்கின் குணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓம் விதி நமக்குத் தாய்ப்பால் மாதிரி. ஆர்க் அந்த விதிக்குக் கட்டுப்படாத பிள்ளை. கரண்ட் அதிகமானால் அதன் குறுக்கே உள்ள வோல்டேஜ் ஏறாமல் இறங்குகிறது. இதை அளந்து பார்த்து முறையாக எழுதியவர் ஹெர்தா அயர்டன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. தெருவிளக்குகள் ஆர்க் விளக்குகளாக இருந்த காலம் அது. அவை ஏன் 'உஸ்' என்று சீறுகின்றன என்று ஆராய்ந்து, கார்பன் முனையின் பள்ளத்துக்குள் ஆக்சிஜன் புகுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். லண்டன் மின்பொறியாளர் சங்கம் 1899-ல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர்தான். 1902-ல் அவருடைய ஆர்க் பற்றிய புத்தகம் வந்தது. அந்த ஆர்க் பேனலுக்குள் பற்றினால் மனிதனை எவ்வளவு சுடும் என்று கணக்குப் போட ஆரம்பித்ததோ மிகத் தாமதமாக. 1982-ல் ரால்ஃப் லீ என்ற அமெரிக்க என்ஜினீயர் கட்டுரை எழுதும் வரை, மின்விபத்து என்றால் ஷாக் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2002-ல் ஐ.இ.இ.இ. 1584 என்ற வழிகாட்டி வந்தது. பரிசோதனைக் கூடத்தில் நூற்றுக்கணக்கான ஆர்க்குகளைப் பற்ற வைத்து, அளந்து, சூத்திரம் எழுதினார்கள். நாங்கள் பயன்படுத்தியது அந்தச் சூத்திரம்தான்.

இப்போது எண்கள். தொழிற்சாலையின் டிரான்ஸ்பார்மர் 500 கே.வி.ஏ. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. இம்பீடன்ஸ் 4.5 சதவீதம். முழு லோடு கரண்ட் 667 ஆம்பியர். பஸ்பார்களை போல்ட் போட்டு இறுக்கி ஷார்ட் செய்தால் ஓடுவது 14,800 ஆம்பியர். இது வரைக்கும் மூன்றாம் ஆண்டு பரீட்சைக் கேள்வி. ஆனால் ஆர்க் வழியாக அவ்வளவு ஓடாது. 25 மில்லிமீட்டர் இடைவெளியில், பெட்டிக்குள், சூத்திரம் தந்த விடை 8,450 ஆம்பியர். ஏறக்குறைய பாதிக்குக் கொஞ்சம் மேல்.

பிரேக்கர் 800 ஆம்பியர். அதன் ரிலீஸில் உடனடி டிரிப் பத்து மடங்கில், அதாவது 8,000 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் போனால் 50 மில்லி செகண்டில், கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். அதற்குக் கீழே என்றால் ஓவர்லோடு கணக்கில் சேர்த்துப் பொறுத்துப் பார்க்கும். ஆர்க் 8,450 ஆம்பியர். ஆகவே வெட்டிவிடும். ஒன்றரை அடி தூரத்தில் நிற்பவர் மேல் விழும் வெப்பம் சதுர சென்டிமீட்டருக்கு 1.4 கலோரி. தோல் கொப்பளிக்கும் எல்லை என்று வைத்திருப்பது 1.2 கலோரி. காயம் உண்டு, ஆனால் பிழைத்துப் போகிற காயம். இந்த இடத்தில் பலர் கணக்கு நோட்டை மூடிவிடுவார்கள்.

அந்த வழிகாட்டியில் ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது. ஆர்க் ஒரே மாதிரி எரிவதில்லை, ஆகவே கரண்டை 15 சதவீதம் குறைத்து இன்னொரு முறை போட்டுப் பார், இரண்டில் எது மோசமோ அதை எடுத்துக்கொள் என்கிறது. குறைத்தோம். 7,200 ஆம்பியர். பிரேக்கருக்கு இப்போது 8,000-க்குக் கீழ். அந்த ரிலீஸின் வளைகோட்டின்படி அது ஐந்து நொடிக்கு மேல் காத்திருக்கும். மனிதன் இரண்டு நொடியில் ஓடிவிடுவான் என்று வைத்துக்கொண்டு கணக்கை இரண்டு நொடியோடு நிறுத்துவது வழக்கம். அப்படி நிறுத்தியும் வந்த விடை 47 கலோரி.

என்னோடு உட்கார்ந்திருந்த இளம் என்ஜினீயர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். "சார், எங்கயோ தசமப்புள்ளி தப்பாயிடுச்சு" என்றார். இல்லை. கரண்ட் 15 சதவீதம் குறைந்தது, வெப்பம் முப்பது மடங்குக்கு மேல் ஏறியது. தசமப்புள்ளி அதன் இடத்தில்தான் இருந்தது. மாறியது நேரம். 50 மில்லி செகண்ட் இரண்டு நொடியானது, அது நாற்பது மடங்கு.

சரி, விபத்து நடந்த அன்று ஓடியது ஜெனரேட்டர் அல்லவா? அதையும் போட்டோம். 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தரக்கூடிய முழு ஷார்ட் கரண்ட் தொடக்கத்தில் 5,000 ஆம்பியர் அளவு. ஆர்க் கரண்ட் 3,400. டிரான்ஸ்பார்மரோடு ஒப்பிட்டால் பாதி கூட இல்லை. பிரேக்கர் இதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் இருபது நொடிக்கு மேல். இரண்டு நொடிக்கே வெப்பம் 20 கலோரி. ஜெனரேட்டர் கரண்ட் போகப் போக இறங்கும் என்பது உண்மை. பாதிதான் என்று வைத்தாலும் கொப்புள எல்லையைப் போல எட்டு மடங்கு. அந்த மனிதரின் கைகளில் கண்டது இதைத்தான்.

முதலாளி நல்ல கேள்வி கேட்டார். "ஜெனரேட்டர்ல கரண்ட் கம்மின்னு நீங்களே சொல்றீங்க. கம்மி கரண்ட்ல எப்படி சார் அதிகமா சுடும்?" நான் சொன்னேன்: "கொதிக்கிற எண்ணெய் ஒரு துளி கையில தெறிக்கிறதுக்கும், வெந்நீர் அண்டாவுக்குள்ள கையை விட்டுட்டு அப்படியே நிக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லையா? எண்ணெய்தான் சூடு அதிகம். ஆனா எது அதிகமா வேகும்?" அவருக்குப் புரிந்தது. அவர் கேட்டரிங் காண்டிராக்டும் எடுப்பவர்.

அந்த இரண்டு நொடி பற்றி ஒரு வார்த்தை. அது வெளிநாட்டுப் பேனல் ரூமுக்குப் போட்ட கணக்கு. நம் ஊர்ப் பேனல் ரூமில் பின்னால் இரண்டடி சந்து, சந்தில் பழைய மோட்டார், அட்டைப்பெட்டி, ஆயுதபூஜைக்கு வாங்கிய பூசணிக்காய் மிச்சம். அங்கே இரண்டு நொடியில் யார் ஓடுவது?

இதில் எனக்கு மிகவும் உறைத்த விஷயம் வேறு. நம் வகுப்பில் பவர் சிஸ்டம் கணக்கில் முதல் வரியாக எழுதுவோமே, சப்ளைப் பக்கம் எல்லையற்ற பலம் கொண்டது என்று கொள்க, என்று. கரண்ட் அதிகமாக வரட்டும், அதற்குத் தாங்குகிற பிரேக்கரை வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்பது அதன் நியாயம். பிரேக்கர் வாங்குவதற்கு அது சரி. ஆர்க் கணக்குக்கு அதுவே வினை. நகரத்தை விட்டுத் தள்ளிய இடங்களில் 11 கே.வி. லைன் நீண்டு நீண்டு போகிறது. கடைசியில் இருக்கும் தொழிற்சாலைக்கு வந்து சேரும் பலம் 50 எம்.வி.ஏ.தான் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். முழு ஷார்ட் 14,800-லிருந்து 12,100 ஆகிறது. ஆர்க் 7,150. பதினைந்து சதவீதம் எதுவும் குறைக்காமலே 8,000-க்குக் கீழே போய்விட்டது. அதாவது, எதற்கும் இருக்கட்டும் என்று கூட்டிப் போட்ட கணக்கு 1.4 கலோரி என்று ஆறுதல் சொல்கிறது. உள்ளதை உள்ளபடி போட்ட கணக்கு 47 கலோரி என்கிறது.

பிறகு என்ன செய்தோம்? ஒரு திருப்புளி, இரண்டு நிமிட வேலை. உடனடி டிரிப்பைப் பத்து மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கு, 2,400 ஆம்பியருக்கு இறக்கினோம். அங்கே இருந்த பெரிய மோட்டார் ஸ்டார்-டெல்டாவில் கிளம்புவது, மற்ற லோடு ஓடிக்கொண்டிருப்பது எல்லாம் சேர்ந்தாலும் ஆயிரம் ஆம்பியரைத் தாண்டவில்லை. இந்த வைப்பில் ஜெனரேட்டர் ஆர்க் 20 கலோரியிலிருந்து அரை கலோரிக்கு வந்துவிட்டது. பிரேக்கர் புதிதில்லை, ஒயர் புதிதில்லை.

இதற்கு ஒரு விலை இல்லாமலில்லை. கீழே ஏதோ ஒரு மெஷினின் கேபிளில் ஷார்ட் ஆனால், அந்த மெஷினின் பிரேக்கர் மட்டும் விழ வேண்டியது போய், மெயினும் சேர்ந்து விழும். முழுத் தொழிற்சாலையும் இருட்டு. முதலாளி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் கோணத்தில் நியாயம்தான். கடைசியில் ஒரு சாவி ஸ்விட்ச் போட்டோம். பேனல் கதவைத் திறக்கும் முன் சாவியைத் திருப்பினால் டிரிப் 2,400-க்கு இறங்கும். வேலை முடிந்து கதவை மூடியதும் பழையபடி. சாவி எலக்ட்ரீஷியனிடம். உயிரோடு இருக்கும் பேனலைத் திறக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு என்பதையும் எழுதிக் கொடுத்தேன். உற்பத்தி நிற்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றும் எழுதினேன். அந்தக் கையெழுத்தைக் கேட்க ஆரம்பித்த பிறகு, பேனலை நிறுத்த நேரம் தாராளமாகக் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

விசாரணை அறிக்கையின் கடைசி வரி மாறியது. "பாதுகாப்புக் கருவியின் வைப்பு நிலை, குறைந்த ஆர்க் மின்னோட்டத்தைக் கணக்கில் கொள்ளவில்லை" என்று எழுதப்பட்டது. அந்த வரியால் அவருக்கு இழப்பீடு முழுதாக வந்தது, வேலையும் நிலைத்தது. இப்போது ஸ்டோரில் இருக்கிறார். வலது கை விரல்கள் முழுக்க மடங்காது. பேனா பிடிப்பது கஷ்டம் என்று டைப் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

இந்நாள் மாணவர்கள் ஒரு திருத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1584-ன் இரண்டாம் பதிப்பு 2018-ல் வந்துவிட்டது. சூத்திரங்கள் நீளம், கையால் போட முடியாது, மென்பொருள் வேண்டும். நான் சொன்ன எண்கள் அதில் மாறும். பஸ்பார் செங்குத்தாக நிற்கிறதா, உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் அது பார்க்கிறது. நீட்டிக்கொண்டிருந்தால் ஆர்க் நேராக ஆளின் மேல் வீசும், விடை இன்னும் கூடும். 15 சதவீதத்துக்குப் பதில் வோல்டேஜைப் பொறுத்து மாறும் திருத்தம் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு முறை போடு என்பது மட்டும் மாறவில்லை. பழைய பதிப்பில், 240 வோல்ட்டுக்குக் கீழ் சிறிய டிரான்ஸ்பார்மர் என்றால் கவலை வேண்டாம் என்று ஒரு சலுகை இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, 2,000 ஆம்பியருக்குக் குறைவாக இருந்தால் ஆர்க் நீடிப்பது அரிது, ஆனால் நடக்காது என்று சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

தொழிற்சாலை இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் மொட்டை மாடிகளில் சோலார் தகடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. சோலார் தகட்டின் ஷார்ட் கரண்ட், அது தினமும் தரும் கரண்டை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஒயர் ஜாயின்ட் லூசாகி ஆர்க் வந்தால் ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது. வெயில் இருக்கும் வரை எரியும். அதற்கென்று தனியாக ஆர்க்கைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. இன்வெர்ட்டர் வாங்கும்போது அது உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, மழைக்காலத்துக் கம்பி. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நம் பக்கம் எத்தனை கம்பங்கள் சாய்ந்தன என்று உங்களுக்கே தெரியும். ரோட்டில் கிடக்கும் கம்பியைப் பார்த்து, "கரண்ட் இருந்தா சப்ஸ்டேஷன்ல டிரிப் ஆயிருக்குமே" என்று தாண்டிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 12 கே.வி. அளவு லைன்களைத் தரையில் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். ஈர மணலில் சுமார் 15 ஆம்பியர், ஈரப் புல்லில் 50, காய்ந்த தார் ரோட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. லைனில் ஓடும் சாதாரண லோடே இதை விடப் பல மடங்கு. ரிலே எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? தார் ரோட்டில் அமைதியாகக் கிடக்கும் அந்தக் கம்பியில் முழு 11,000 வோல்ட்டும் இருக்கலாம். நன்றாகத் தள்ளி நின்று, மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குப் போன் போடுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், முடித்துக்கொள்கிறேன். இன்று காலை நம் ஆய்வுக்கூடத்தின் மெயின் பேனலை வெளியில் நின்றே எட்டிப் பார்த்தேன். பிரேக்கரின் உடனடி டிரிப், வாங்கி வந்த அன்று இருந்தது போல, கடைசிக் கோட்டில் நிற்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் யாருக்காவது ஆர்வம் இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீன் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மரிடம் வாருங்கள். வேலிக்கு வெளியே நின்று பெயர்ப்பலகையைப் படித்து, மர நிழலில் உட்கார்ந்து இரண்டு முறையும் போட்டுப் பார்ப்போம். நோட்டும் ஒரு டார்ச்சும் போதும். பேனலை யாரும் திறக்கப் போவதில்லை.